கம்பி அறுந்த பிறகு 50 நொடி: வாசகர் கேள்விகள்

மழை தொடங்கிவிட்டது. மலையில் மரம் சாய்கிறது, கணினிகளை இணைக்கும் கேபிள் அறுகிறது, எனக்குக் கடிதம் வருகிறது. இந்த முறை வந்தவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில். ஏற்காட்டுக் கடிதத்துக்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். அதை எழுதியவர் நொடி எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்; அப்படிக் கேட்பவரிடம் இரண்டு வரியில் பேசிவிட்டு நழுவ எனக்கு மனம் வரவில்லை.

அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மேசைக்கு அடியில், கணினிகளை ஒயரால் இணைக்கும் சுவிட்ச் பெட்டி ஒன்று இருக்கிறது; ஒயர் செருக எட்டு போர்ட். பெருக்க வந்த பையன், ஒரு ஒயர் கழன்று கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் எடுத்துச் செருகிவிட்டான். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்திருக்கிறது. பில் போடும் கணினி, கேமரா, இணையம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஒரு முழ ஒயரால் இவ்வளவு நடக்குமா?

நடக்கும். நானே நடத்தியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜவுளிக் கடையில். பில் போட நின்ற கூட்டத்தின் முகங்களை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கணினி அவ்வப்போது "இந்த முகவரிக்காரர் யார்?" என்று எல்லோரையும் பார்த்து ஒரு குரல் கொடுக்கும். சுவிட்ச் அந்தக் குரலைப் படியெடுத்து, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். ஒயரின் இரண்டு முனையும் அதே பெட்டியில் இருந்தால், ஒரு முனையில் வெளியே போனது மறுமுனையில் புதிதாக உள்ளே வருகிறது. சுவிட்ச் அதையும் படியெடுத்து அனுப்புகிறது. அது திரும்பவும் வருகிறது. இணையத்தில் ஊர் விட்டு ஊர் போகும் தகவல் பொட்டலத்துக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பொட்டலம் செத்துவிடும். சுவிட்சுகளுக்கு இடையே அந்தத் தகவலைச் சுமந்து ஓடும் உறைக்கு, அதாவது ஈதர்நெட் சட்டகத்துக்கு, அப்படி ஆயுள் எதுவும் எழுதப்படவில்லை. யாராவது ஒயரைப் பிடுங்கும் வரை அது சுற்றும்.

அடையாளம் விளக்குகளில் தெரியும். சாதாரண நாளில் ஒவ்வொரு போர்ட் விளக்கும் தன் போக்கில் மினுக்கும். எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் வேறு வேறு தாளத்தில் கேட்பதைப்போல. வளையம் விழுந்துவிட்டால் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், ஏறக்குறைய அணையாமல் அடித்துக்கொள்ளும். அப்போது ஒயர்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் விளக்குகள் மூச்சு வாங்குகின்றனவோ அதுதான் குற்றவாளி.

பையனைத் திட்டாதீர்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால் அவன் செருகியிருக்க மாட்டான். உங்களிடம் இருக்கும் சிறிய பெட்டிக்கு வளையத்தைக் கண்டுபிடிக்கும் அறிவு கிடையாது. அறிவுள்ள பெட்டி என்ன செய்யும் என்பதற்கு அடுத்த கடிதம்.

மகளே, நான் சூரமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேரன் 'ஸ்பேனிங் ட்ரீ' என்று ஏதோ படித்துக்கொண்டிருக்கிறான். வலையமைப்பில் மரம் எங்கிருந்து வந்தது? தமிழில் ஆலமரம் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, ஆலமரம் மட்டும் வேண்டவே வேண்டாம். விழுது மண்ணைத் தொட்டதும் அங்கே ஒரு வளையம் பிறந்துவிடுகிறது! இதில் மரம் என்று சொல்வதே வளையம் இல்லாத அமைப்பைத்தான். வேரிலிருந்து எந்த இலைக்கும் ஒரே ஒரு வழி.

ஒரு கம்பி அறுந்தாலும் வேலை ஓடவேண்டும் என்று சுவிட்சுகளுக்கு இடையே உபரியாகக் கம்பி இழுக்கிறோம். உபரி வந்தால் கூடவே வளையம் வரும். வளையம் வந்தால் கொலுசுப் பட்டறையில் நடந்தது நடக்கும். இந்தச் சிக்கலுக்கு 1985-ல் வழி சொன்னவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அப்போது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றினார். சுவிட்சுகள் தங்களுக்குள் செய்தி அனுப்பி, ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். மற்றவை அந்த வேருக்குப் போகும் மலிவான வழியை மட்டும் திறந்து வைத்து, உபரிக் கம்பியின் ஒரு முனையை மூடிவிடும். கம்பி இருக்கும், விளக்கும் எரியும், போக்குவரத்து மட்டும் இருக்காது. திறந்த வழி அறுந்தால் மூடியது திறக்கும். தன் ஆய்வுக் கட்டுரையோடு இதைப்பற்றி ஒரு குட்டிக் கவிதையும் அவர் எழுதிச் சேர்த்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பட்டறைப் பிள்ளைகள் வெறுமனே 'மரம்' என்கிறார்கள். "மரம் போட்டாச்சா?" என்றால் அவர்களுக்குப் புரிகிறது. அதற்குமேல் நல்ல பெயர் வைப்பது உங்கள் வேலை.

அக்கா, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் சிறிய விடுதி நடத்துகிறேன். அலுவலகம், மேல் கட்டடம், கீழ்க் கட்டடம் மூன்றிலும் ஒவ்வொரு சுவிட்ச். மூன்றையும் முக்கோணமாக ஃபைபரால் இணைத்திருக்கிறோம். போன மழையில் சில்வர் ஓக் கிளை முறிந்து அலுவலகத்துக்கும் மேல் கட்டடத்துக்கும் இடையே உள்ள கம்பி அறுந்தது. கேமராப் பதிவில் இடைவெளியை எண்ணினேன். ஏறக்குறைய 50 நொடி. சில வாரம் கழித்துக் காட்டெருமை கம்பத்தில் உரசி, அலுவலகத்துக்கும் கீழ்க் கட்டடத்துக்கும் இடையே உள்ள கம்பி போனது. இந்த முறை 30 நொடி. இரண்டும் ஒரே நீளக் கம்பிதான், ஏன் இந்த வித்தியாசம்? இப்போது புதிதாக வந்த தம்பி பெட்டியை மாற்றாமல் செட்டிங்கில் ஏதோ மாற்றிவிட்டு, என் கண்முன்னே கம்பியைப் பிடுங்கிக் காட்டினார். எதுவும் நிற்கவில்லை. ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லை. அவருக்கு ஒரு நல்ல காப்பி கொடுங்கள்.

முதலில் 30-க்கு வருகிறேன். உங்கள் முக்கோணத்தில் அலுவலகச் சுவிட்ச் வேர். மேலுக்கும் கீழுக்கும் நடுவிலுள்ள கம்பிதான் உபரி. அதைக் கீழ்க் கட்டடச் சுவிட்ச் தன் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறது. இதை உங்கள் கணக்கிலிருந்தே ஊகித்தேன். காட்டெருமை உரசியபோது கீழ்ச் சுவிட்சின் நேர்வழிதான் போனது. விளக்கு அணைந்த அக்கணமே அதற்கு விஷயம் தெரியும், மூடிய வழி ஒன்று கையில் இருப்பதும் தெரியும். ஆனாலும் பழைய முறையில் அது உடனே திறக்காது. 15 நொடி காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இன்னொரு 15 நொடி, யார் யார் எந்தப் பக்கம் என்று முகவரி மட்டும் குறித்துக்கொள்ளும். அதன் பிறகே கதவு திறக்கும். கூட்டினால் 30.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் பயம். அவசரப்பட்டுத் திறந்த நேரத்தில், செய்தி போய்ச் சேராத இன்னொரு சுவிட்ச் தன் பழைய வழியையும் திறந்தே வைத்திருந்தால் வளையம் விழும். எனவே ஊரெல்லாம் செய்தி பரவும் வரை கைகட்டி நில் என்று எழுதி வைத்தார்கள். கோடியிலிருந்து கோடிக்கு ஏழு சுவிட்ச் வரை நீளும் வலையமைப்பை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. உங்களிடம் இருப்பது மூன்று. ஆனால் பெட்டிக்கு எண்ணத் தெரியாது. ஏழு பேருக்கும் சேர்த்தே காத்திருக்கும். (ஏழைத் தாண்டி இழுத்தால் கதை வேறு. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில் இந்தக் கணக்கே குழம்பி வலையமைப்பு நாட்கணக்கில் படுத்துக்கொண்டது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.)

50-ல் கொஞ்சம் நாடகம் உண்டு. கிளை முறிந்தபோது அறுந்தது மேல் கட்டடத்தின் நேர்வழி. மேல் சுவிட்சின் கையில் மூடி வைத்த வழி எதுவும் இல்லை. நடுக்கம்பியை மூடியிருப்பது கீழ் ஆள் அல்லவா? வேரோடு தொடர்பு போன மேல் சுவிட்ச், "இனி நானே வேர்" என்று கீழ்ச் சுவிட்சுக்குச் செய்தி அனுப்பியது. கீழ்ச் சுவிட்சுக்கு உண்மையான வேர் எது என்று தெரியும். ஆனால் பழைய சட்டப்படி, தரம் குறைந்த செய்தி வந்தால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளக் கூடாது. முன்பு மேல் சுவிட்ச் சொன்ன பழைய நல்ல செய்தி 20 நொடியில் காலாவதியாகும் வரை அது பேசாமல் இருந்தது. பிறகுதான் அந்த 15-ம் 15-ம். நீங்கள் எண்ணிய 50 வந்துவிட்டதா?

தம்பி மாற்றியது இதைத்தான். உங்கள் பெட்டிகளுக்குப் பழைய முறை, புதிய முறை இரண்டும் தெரியும். வாங்கிய நாளிலிருந்து பழையதில் ஓடியிருக்கின்றன. புதிய முறைக்கு ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். 2001-ல் 802.1டபிள்யூ என்ற எண்ணில் வெளிவந்தது, 2004-ல் மூலத் தரமான 802.1டி-க்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

இதில் மூடிய வழிக்கு 'மாற்று வழி' என்று பதவியே கொடுத்துவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் குப்பனூர் வழியாக ஏறுகின்றனவே, அதைப்போல. குப்பனூர் வழியை அன்றைக்கு உட்கார்ந்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. கீழ்ச் சுவிட்சின் நேர்வழி அறுந்த கணமே மாற்று வழி அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் வேர் அந்தப் பக்கமும் இருக்கிறது என்று அதற்கு முன்பே தெரியும்.

மேல் கம்பி அறுந்தாலும் இப்போது நாடகம் இல்லை. "நானே வேர்" என்று மேல் சுவிட்ச் சொன்னதும், கீழ்ச் சுவிட்ச் 20 நொடி மௌனம் காக்காமல் உடனே பதில் சொல்கிறது: "வேர் அங்கே இருக்கிறது, என் வழியாக வா. இந்தக் கம்பியைத் திறக்கலாமா?" மேல் சுவிட்ச் தன்னிடமிருந்து வேறு சுவிட்சுகளுக்குப் போகும் போர்ட் ஏதாவது இருந்தால் முதலில் அதை மூடுகிறது, வளையத்துக்கு வாய்ப்பில்லை என்று உறுதி செய்துகொண்டு "திறக்கலாம்" என்கிறது. இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தை வேகமாக ஓட விடவில்லை. காத்திருந்த இடத்தில் பக்கத்து ஆளைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வழி மாறினால் போதாது, வழிகாட்டிப் பலகையும் மாறவேண்டும். சாலையைக் குப்பனூருக்குத் திருப்பிவிட்டு, பழைய பலகையை அப்படியே விட்டால் என்ன ஆகும்? கீழ்ச் சுவிட்சின் முகவரிக் குறிப்பில் 'மேல் கட்டடப் பிரிண்டர் அலுவலகப் பக்கம்' என்று எழுதியிருக்கும். மேல் கம்பி அறுந்த பிறகு அந்தப் பிரிண்டருக்குப் போகவேண்டியது அலுவலகத்திலிருந்து கீழ்ச் சுவிட்சுக்கு வருகிறது. 'அந்த ஆள் நீ வந்த பக்கம்தானே இருக்கிறார்' என்று அது பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடும். இந்தக் குறிப்பின் வழக்கமான ஆயுள் 300 நொடி. கேமரா ஓயாமல் பேசுவதால் அதன் குறிப்பு தானே திருந்திவிடும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர்தான் மாட்டிக்கொள்ளும். பழைய முறையில் மாற்றத்தைக் கண்ட சுவிட்ச் வேரிடம் மனுக் கொடுக்கும், வேர் ஊருக்கு அறிவிக்கும், அதன் பிறகு எல்லோரும் குறிப்பின் ஆயுளை 15 நொடியாகக் குறைப்பார்கள். புதிய முறையில் மாற்றத்தைக் கண்ட சுவிட்சே அக்கம்பக்கத்துக்கு நேரடியாகச் சொல்லும். கேட்டவர்கள் குறிப்பை அப்போதே அழித்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்வார்கள்.

தம்பியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மூன்று சுவிட்சிலும் மாற்றினாரா? ஒன்று மட்டும் பழைய முறையில் பேசினால், அதைப் பார்த்திருக்கும் போர்ட்டுகளும் பழைய முறைக்கே இறங்கிப் பேசும். அடுத்து, ஃபைபர் நேரே சுவிட்சில் ஏறுகிறதா, அல்லது நடுவில் ஃபைபரைச் சாதாரண ஒயருக்கு மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வர்ட்டர் பெட்டி இருக்கிறதா? சில கன்வர்ட்டர்கள் ஃபைபர் அறுந்தாலும் சுவிட்ச் பக்க விளக்கை எரியவே விடும். அறுந்ததே தெரியாத சுவிட்ச், 2 நொடிக்கு ஒருமுறை வரவேண்டிய நலம் விசாரிப்பு மூன்று முறை வராமல் போன பிறகே விழிக்கும். அங்கே உங்களுக்கு 6 நொடி போகும். தம்பி பிடுங்கிக் காட்டியது சுவிட்சுப் பக்கத்து ஒயரையா, ஃபைபரையா என்று யோசித்துப் பாருங்கள். ஃபைபரைப் பிடுங்கச் சொல்லி இன்னொரு முறை எண்ணுங்கள்.

ஏற்காட்டில் லூப் ரோடு என்று பெயர் வைத்து, 30 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக் காட்டுகிறார்கள். சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு நல்லது. உங்கள் கம்பிகளில் வேண்டாம்.

அக்கா, சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் ரேப்பிட் முறையைப் போட்டோம். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே கண் இமைக்கும் நேரத்தில் மாறுகிறது. ஆனால் புதிதாக ஒரு கணினியைச் செருகினால் அதே 30 நொடி. பெயரில் மட்டும்தான் வேகமா?

சுவிட்ச் "திறக்கலாமா?" என்று கேட்டது. எதிரே இருந்த கணினிக்கு அந்தப் பாஷையே தெரியாது. பதில் வராததால் சுவிட்ச் பழைய தாத்தாவாகி 15-ம் 15-ம் எண்ணியது.

கணினி மட்டும் வரும் போர்ட்டுகளை 'எட்ஜ்' என்று குறித்துவிடுங்கள், செருகியதும் திறக்கும். சில சுவிட்சுகள் சில நொடி பார்த்துவிட்டுத் தாமாகவே அப்படி முடிவு செய்துகொள்ளும், ஆனாலும் நான் கையால் குறிப்பதையே நம்புகிறேன். குறிக்காமல் விட்டால் இன்னொரு கேடும் உண்டு. ஏற்காட்டுக்காரருக்குச் சொன்னேனே, "திறக்கலாம்" என்று சொல்லும் முன் சுவிட்ச் தன் மற்ற போர்ட்டுகளை மூடும் என்று. எட்ஜ் என்று குறிக்காத கணினிப் போர்ட்டுகளும் அதில் சேர்ந்து மூடப்படும். சுவிட்சுகள் ஒரு நொடியில் சமாதானமாகிவிடும், கணினிகள் அரை நிமிடம் தவிக்கும். 'ரேப்பிட் போட்டும் பயனில்லை' என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடிகின்றன.

எட்ஜ் போர்ட்டில் யாராவது விடுதி அறைக்கென்று வாங்கிய சுவிட்சைச் செருகினால் போர்ட் தானே அடைத்துக்கொள்ளும்படி ஒரு காவலும் உண்டு. அதையும் சேர்த்துப் போடுங்கள். கல்லூரியில் கட்டாயம் போடுங்கள்.

இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். நிறையப் பணம் கொடுத்துப் பெரிய சுவிட்ச் வாங்கி நடுவில் வைத்தும், கிடங்கிலிருந்து ஒரு பழைய சுவிட்சை அணைத்தால் கடை முழுவதும் ஒரு கணம் திணறுகிறது. அதில் இரண்டே கணினிகள்தான் இருக்கின்றன.

உங்கள் ஊரின் தலைவர் அந்தப் பழைய பெட்டிதான். வேரைத் தேர்ந்தெடுக்கும்போது சுவிட்சுகள் விலையைப் பார்ப்பதில்லை. முன்னுரிமை எண் யாருக்குக் குறைவோ அவர் வேர். வரும்போதே எல்லாப் பெட்டிக்கும் அந்த எண் 32768. சமமாக இருந்தால், பெட்டியில் பொறித்த முகவரி எண் யாருக்குக் குறைவு என்று பார்ப்பார்கள். ஒரே கம்பெனிப் பெட்டிகளில் முன்னால் செய்யப்பட்டதற்குப் பெரும்பாலும் எண் குறைவு. ஆக, யாரும் கை வைக்காவிட்டால் கிழட்டுப் பெட்டிக்கே முடிசூட்டு விழா. சேலைக் கட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் வேரை நான் இரண்டு மூன்று கிடங்குகளில் தோண்டி எடுத்திருக்கிறேன்.

புதிய சுவிட்சில் முன்னுரிமை எண்ணை 4096 ஆக்குங்கள். அந்த எண் 4096-ன் மடங்காகவே ஏறி இறங்கும். 5000 என்று போட்டால் ஏற்காது. கடை மூடிய பிறகு செய்யுங்கள்.

ஆத்தூரில் இணைய இணைப்புக் கொடுக்கிறோம். எங்கள் ஃபைபர் ஒரே வட்டமாக ஊரைச் சுற்றுகிறது. ஒரு நொடியும் அதிகம் என்கிறார் ஒரு வாடிக்கையாளர்.

வட்டத்துக்கென்றே ஜி.8032 என்று ஒரு தரம் இருக்கிறது, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. வட்டத்தில் ஒரு கம்பியை முன்கூட்டியே குறித்து மூடி வைப்பார்கள். வேறெங்காவது அறுந்தால் அதைத் திறப்பார்கள். இலக்கு 50 மில்லி நொடி. உங்கள் சுவிட்சுகளுக்கு அது தெரியுமா என்று முதலில் பாருங்கள். அந்த வாடிக்கையாளர் எவ்வளவு கட்டணம் கட்டுகிறார் என்பதையும் பாருங்கள்.

ஒரு பின்குறிப்பு. ஆறு என்று சொல்லியிருந்தேன். பக்கத்தை அனுப்பும் நேரத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

எங்கள் ஒப்பந்தக்காரர், ஸ்பேனிங் ட்ரீயால் தொல்லைதான், மொத்தமாக அணைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

ஒப்பந்தக்காரரை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், ஏற்கெனவே எந்தெந்தச் சுவிட்சில் அணைத்திருக்கிறார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.